பச்சை வாசனை போகாத புத்தகங்கள்

நாவல் விற்றவரிடம் யாரும் திரும்பி வந்து, "கதாநாயகி கடைசியில செத்துப் போயிட்டா, வேற குடுங்க" என்று கேட்பதில்லை. சமையல் புத்தகம் விற்கிறவளிடம்தான் தூக்குவாளியோடு வந்து நின்று, "நீங்களே வாயில வச்சுப் பாருங்க" என்பார்கள்.

தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு புத்தகக் கடையில் வேலை பார்க்கிறேன். சேர்ந்த புதிதிலேயே முதலாளி என்னைச் சமையல் புத்தகங்களுக்கு முன்னால் நிறுத்திவிட்டார். "நீ பொம்பளைப் புள்ள கலா, உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்" என்றார். எனக்கு என்ன தெரியும்? திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் நான் வளர்ந்த வீட்டில் அச்சடித்தது என்று இருந்தது ரேஷன் கார்டு மட்டும்தான். அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் போய் வந்துதான் உலை வைப்பார்கள். 'கொத்தமல்லி தூவி அலங்கரித்துப் பரிமாறவும்' என்கிற கட்டம் எங்கள் வீட்டில் வந்ததே இல்லை. தூவுவதற்குள் சட்டி காலியாகிவிடும்.

சமையல் புத்தகமே வாங்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். நீங்கள் நல்லா இருப்பீர்கள். வாங்கி, படத்தைப் பார்த்து மயங்கி, சொன்னபடியே செய்து, கடைசியில் தேங்காய் நாரை வைத்துச் சட்டியைச் சுரண்டியவர்கள் மட்டும் கொஞ்சம் கிட்டே வாருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

தேவையான அளவு

மன்னார்குடியிலிருந்து மாற்றலாகி வந்த ஒருவர். நெல் கொள்முதல் நிலையத்தில் வேலை. பிள்ளைகளின் படிப்புக்காக மனைவி ஊரிலேயே தங்கிவிட்டார். இவர் இங்கே ஒற்றை ரூமில் தனிச் சமையல். புதிதாகச் சமைப்பவர்களுக்கென்றே எழுதியது என்று அட்டையில் போட்டிருந்த ஒரு புத்தகத்தை வாங்கிப் போனார். அடுத்த வாரமே திரும்பி வந்தார். சாம்பார் பக்கத்தில் பென்சிலால் அடிக்கோடு போட்டிருந்தார். உப்பு தேவையான அளவு. தண்ணீர் தேவையான அளவு. பெருங்காயம் சிறிதளவு. மிளகாய்த்தூள் காரத்துக்கேற்ப. பருப்பு பக்குவமாக வெந்ததும் இறக்கவும்.

"செய்யச் செய்யக் கை பழகிடும் சார்" என்றேன். எல்லோரும் சொல்கிறதுதானே, நானும் சொல்லி வைத்தேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"எங்க சென்டர்ல நெல்லை மெஷின்ல வச்சு ஈரப்பதம் எவ்வளவுன்னு புள்ளி சுத்தமா சொல்றோம். அதுக்கே சண்டைக்கு வர்றாங்கம்மா. 'நெல்லு பக்குவமா இருந்தா எடுத்துக்குவோம்'னு நான் போர்டு எழுதி வச்சா என்னை முழுசா வீட்டுக்கு விடுவாங்களா?"

முந்திரி போட்ட வத்தக்குழம்பு

குத்தாலத்தில் ஒரு டீச்சர். ராஜேஸ்வரி என்று பெயர். கணக்கு நன்றாக வரும், குழம்பு சுமாராகத்தான் வரும் என்று அவரே சொல்வார். மகளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் மதியச் சாப்பாட்டுக்கும் இருப்பார்கள் என்று தெரிந்ததும் பஸ் ஏறி எங்கள் கடைக்கு வந்தார். நல்ல புத்தகமாக வேண்டும் என்றார். நான்தான் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பிரதியில் மட்டும் பக்கங்களை மாற்றி வைத்துத் தைத்திருந்தார்கள் என்பது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. இடது பக்கத்தில் சுண்டைக்காய் வத்தக்குழம்பு எண்ணெய் பிரிந்து கெட்டியாக வந்துகொண்டிருக்கும். வலது பக்கத்தில் ஏதோ ஒரு பாயசத்தின் கடைசி வரி, 'நெய்யில் வறுத்த முந்திரி, திராட்சை, ஏலப்பொடி சேர்த்து இறக்கவும்' என்று முடியும். டீச்சர் சேர்த்தார், இறக்கினார்.

பந்தியில் மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாராம். "இது என்னங்க, உங்க பக்கத்து வழக்கமா?" டீச்சருக்கு அப்போதுதான் பக்கத்தின் மேல் சந்தேகமே வந்திருக்கிறது. ஆனாலும் இத்தனை வருஷம் கடைசி பெஞ்சைச் சமாளித்தவர் இல்லையா, கண்ணை இமைக்காமல், "ஆமாங்க, குத்தாலம் பக்கமே இப்படித்தான்" என்றாராம். குத்தாலத்திலேயே பிறந்து வளர்ந்த அவருடைய கணவருக்குப் புரையேறி, தண்ணீர் கொடுத்துத் தலையில் தட்ட வேண்டியதாகிவிட்டது.

கல்யாணம் முடிந்த பிறகு டீச்சர் கடைக்கு வந்து இதையெல்லாம் சொன்னார். நான் பதறிப்போய் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். தைத்ததில்தான் தப்பு. "டீச்சர், இதைக் குடுத்துட்டுச் சரியான பிரதி ஒண்ணு எடுத்துக்குங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் வெடுக்கென்று பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஐயையோ, மாத்தியெல்லாம் குடுத்துடாதீங்க. சம்பந்தியம்மா வர்றப்பெல்லாம் அந்தக் குழம்புதான் கேக்கறாங்க. இதே மாதிரி தப்பாத் தைச்சது இன்னொண்ணு இருந்தா எடுங்க, பொண்ணுக்கும் ஒண்ணு குடுத்தனுப்பணும்."

மஸ்கட்டிலிருந்து ஒரு போன்

எங்கள் கடையில் விற்கிற ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் கடை முத்திரையைப் போன் நம்பரோடு குத்திக் கொடுப்போம். இது முதலாளியின் விளம்பர யோசனை. அதன் பலனை அனுபவிப்பது நான்.

ஒரத்தநாட்டுப் பக்கம் சொந்தமாகக் கொஞ்சமும் குத்தகைக்குக் கொஞ்சமும் நிலம் பார்க்கிற ஒரு அம்மா, மஸ்கட்டுக்கு ஏசி மெக்கானிக் வேலைக்குப் போகிற மகனுக்காகச் சமையல் புத்தகம் ஒன்று வாங்கிப் போனார். கொஞ்ச நாள் கழித்து, கடையில் கூட்டம் நெரிகிற நேரத்தில் போன் அடித்தது. அந்தப் பையன்தான். மூக்கடைத்த குரல். "அக்கா, அடுப்புல சட்டி இருக்கு, சீக்கிரம் சொல்லுங்க. 'இஞ்சி பூண்டு விழுதைப் பச்சை வாசனை போகும் வரை வதக்கவும்'னு போட்டிருக்கு. எனக்குச் சளி. ஒரு வாசனையும் தெரியல. எப்ப நிறுத்தறது?" இந்தக் கேள்விக்கு எந்தப் புத்தகத்திலும் பதில் கிடையாது. அடுப்பைக் குறைத்துவிட்டு, பக்கத்து ரூமில் யாராவது இருந்தால் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல் என்றேன். போனை வைக்காமலேயே ஓடினான். ஏதோ பேச்சுக் குரல், கரண்டிச் சத்தம், யாரோ பலமாக மூச்சை இழுக்கிற சத்தம். திரும்பி வந்தான்.

"பக்கத்து ரூம்ல ஒரு பாகிஸ்தான்காரர் இருக்காருக்கா, அவரைக் கூட்டியாந்து காமிச்சேன். 'வாசனை நல்லாத்தானே இருக்கு, எதுக்குப் போகணும்?'னு கேக்கறாரு!"

ஓட்டை

எங்கள் கடையில் பில் போடுகிறவர் மும்தாஜ் அக்கா. நாகூர்க்காரர், கல்யாணமாகித் தஞ்சாவூருக்கு வந்தவர். நாகூர்ச் சமையல் என்று ஒரு புத்தகம் வந்து இறங்கியதும், பில் மெஷினை அப்படியே விட்டுவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வரிசையில் நின்றவர்கள் முனகினார்கள். அக்கா நிமிரவில்லை. அவர் தேடியது வாடா. அரிசி மாவு, தேங்காய், வெங்காயமெல்லாம் சேர்த்துத் தட்டி, இறால் வைத்துப் பொரிக்கிற பலகாரம். அந்த ஊர் ஆட்கள் அதன் பெயரைச் சொல்லும்போதே கண்ணை மூடிக்கொள்வார்கள்.

அச்சுக் கோத்த யாரோ ஒரு புண்ணியவான் 'வாடா' என்பதை எழுத்துப்பிழை என்று நினைத்து, எல்லா இடத்திலும் 'வடை' என்று திருத்தி வைத்திருக்கிறார். தலைப்பைத் திருத்தியதோடு நிற்காமல், அதற்குப் பொருத்தமாக உளுந்தையும் ஊறவைத்து, நடுவில் துளையிட்ட மெதுவடைப் படம் ஒன்றையும் போட்டுவிட்டார்கள். அக்கா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு புத்தகத்தை என் பக்கம் தள்ளிவிட்டார்.

"எங்க ஊரு இறாலை எடுத்துக்கிட்டு ஓட்டையைக் குடுத்திருக்காங்க, பாத்துக்க."

செல்வியின் கை

இதைச் சிரித்துக்கொண்டே சொல்ல என்னால் முடியாது. கரந்தையில் வீட்டிலேயே பலகாரம் செய்து ஆர்டருக்குக் கொடுக்கிற பெண் செல்வி. கணவருக்கு வேலை போன பிறகு ஆரம்பித்த தொழில். முறுக்கும் அதிரசமும் தெரியும், சீடை தெரியாது. கோகுலாஷ்டமிக்குச் சீடை ஆர்டர் வந்தது. விடுவதற்கு மனசில்லாமல் எங்கள் கடையில் ஒரு சிவப்பு அட்டைப் புத்தகம் வாங்கினாள். ஹேமா கோதண்டராமன் என்கிற அம்மா எழுதியது. தினம் ஒரு பலகாரம் என்று வருஷம் முழுவதற்கும் கணக்காகப் போட்டிருக்கும். எங்கள் கடையில் வந்த வேகத்தில் போகிற புத்தகம் அது.

சீடை மாவைச் சலிக்க வேண்டும், உருண்டையை இறுக்கி உருட்டக் கூடாது. செய்து பழகியவர்களுக்கு இது மூச்சு விடுவது மாதிரி. அந்தப் புத்தகத்தில் இரண்டுமே இல்லை. 'மாவை நன்றாக அழுத்தி உருட்டிக் காய்ந்த எண்ணெயில் போடவும்' என்றிருந்தது. போட்டாள். பட்டாசு மாதிரி வெடித்திருக்கிறது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கட்டோடு கடைக்கு வந்தாள். கழுத்திலும் இரண்டு மூன்று இடத்தில் கொப்புளம். கண் தப்பியது அவளுடைய நல்ல நேரம். நான் அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதலாளியிடம் போய், இதை இனிமேல் விற்க வேண்டாம் என்றேன். "எண்ணெய்ச் சட்டின்னா தெறிக்கத்தாம்மா செய்யும், அதுக்குப் புக் என்ன பண்ணும்?" என்றார். வந்த கோபத்தில் புத்தகத்தை அவர் மேஜையிலேயே போட்டுவிட்டு நடந்தேன்.

திரும்பி வந்தால் செல்வி அங்கேயே நிற்கிறாள். சண்டை போடுவாள், நாலு வார்த்தை திட்டுவாள், வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராகத்தான் வந்தேன். அவள் சமையல் புத்தக ராக்கை மேலும் கீழுமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெடிக்காத புக் ஏதாவது இருந்தா குடுங்கக்கா. ஆர்டர் குடுத்தவங்க காத்திருக்காங்க."

ஒரே ஒரு ராக்

சீடைக்குப் பதில் முறுக்காக வாங்கிக்கொள்ளச் சம்மதிக்க வைத்து அந்த ஆர்டரை அவள் எப்படியோ முடித்தாள். ஆனால் எனக்குத்தான் அந்த ராக்கைப் பார்க்கும்போதெல்லாம் எதில் எது வெடிக்கக் காத்திருக்கிறதோ என்று இருந்தது.

நல்லவேளையாகக் காலாண்டு லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் வந்தது. தண்ணீர் பாட்டில், ஜாமெட்ரி பாக்ஸ், மினுமினுக்கிற பேனாவெல்லாம் வைக்க இடம் வேண்டும், சமையலுக்கு இனிமேல் ஒரே ஒரு ராக்தான், மற்றதைக் கழித்துவிடு என்று முதலாளி உத்தரவு போட்டார். எதை வைத்துக்கொள்வது? "படம் பளிச்சுன்னு இருக்கறதை வச்சுக்க" என்றார். மும்தாஜ் அக்காவிடம் வேறு வழி இருந்தது. "ரசத்தைப் பிரிச்சுப் பாரு. தளதளன்னு கொதிக்க விடுன்னு எழுதியிருந்தா, அவங்க ஜென்மத்துல ரசம் வச்சதில்ல, தூக்கிக் கடாசு" என்றார். ரசத்திலேயே பாதிக்கு மேல் விழுந்துவிட்டது. மிச்சம் இருந்ததை வீட்டுக்கு ஒவ்வொன்றாக எடுத்துப் போய், எழுதியிருக்கிறபடியே சமைத்துப் பார்த்து முடிவு செய்கிறேன் என்றேன். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் என்மேல் அவருக்கு இருந்த கொஞ்சநஞ்ச மதிப்பும் ஆவியாகப் போனது.

"சமைச்சுப் பாத்துட்டுத்தான் விக்கணும்னா, அப்புறம் ஜோசியப் புக்கை எல்லாம் என்ன பண்ணுவ? பலிக்குதான்னு உக்காந்து பாப்பியா?"

சோதனை எலிகள்

என் கணவர் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். பொறுமைசாலி. மகள் எட்டாவது படிக்கிறாள். அவளுக்குப் பொறுமை கிடையாது. இவர்கள் இருவரையும் வைத்துத்தான் சோதனை. எழுதியிருப்பதை மீறி என் புத்தியை உபயோகிக்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். என்ன பாடுபட்டோம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, நீங்களும் பட்டவர்கள்தான். பத்தே நிமிடத்தில் என்று தொடங்குகிற குருமாவின் முதல் வரி, 'முந்தின நாளே ஊறவைத்த கொண்டைக்கடலை'. நான்கு பேருக்கு என்று போட்டிருந்த புளியோதரையைத் தெரு முழுக்கக் கொடுத்து, அடுத்த தெருவிலும் ஆள் தேடினேன். அசோகா அல்வா ஒன்று, ஆறியதும் கரண்டியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. கரண்டியோடு சேர்த்துத் தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் மீட்டேன்.

நெல் விளைகிற ஊரில் இருந்துகொண்டு சாதத்தில் தோற்றதுதான் பெரிய அவமானம். திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தம்பி அனுப்பிய புது அரிசி. புது அரிசிக்குத் தண்ணீர் குறைவாகத்தான் பிடிக்கும், இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். புத்தகமோ எந்த அரிசியானாலும் மூன்று பங்கு தண்ணீர் என்றது. சட்டம் சட்டம்தானே, ஊற்றினேன். தட்டில் வைத்ததை மகள் விரலால் தொட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு, "ஸ்கூல் சார்ட் ஒட்டறதுக்குப் பசை வாங்க வேணாம்மா" என்றாள்.

நடுவில் ஒல்லியாக, படமே இல்லாமல் ஒரு புத்தகம் அகப்பட்டது. 'முதல் தடவை சரியாக வராது, பயப்படாதீர்கள், அடுத்த தடவை தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள்' என்று எழுதியிருந்தது. முதல் தடவை வரவில்லை. அடுத்த தடவை வந்தது. என் தொழிலில் உண்மை பேசுகிற ஒரு ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். ராக்கில் முதல் இடம் அதற்குத்தான் என்று கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வாங்கி வந்திருந்த பரோட்டா பொட்டலத்தைப் பிரித்தார்.

"கலா, புக்கையெல்லாம் கடையில வச்சுக்க, என்னை வீட்டுல வச்சுக்க. ரெண்டையும் ஒண்ணாக் கலக்காத."

எது அந்த நாற்பது

அந்தச் சிவப்பு அட்டைப் புத்தகத்தின் பிரதிகளையெல்லாம், முதலாளி ஊரில் இல்லாத ஒரு நாள் பார்த்துக் கட்டாகக் கட்டி மாடிப்படிக்குக் கீழே போட்டுவிட்டேன். நன்றாக விற்பதை நிறுத்தினால் வேலைக்கே வேட்டு என்று தெரியும். முதலாளி திரும்பி வந்து கேட்டால் இதைச் சொல்லலாம், அதைச் சொல்லலாம் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் வந்து கேட்டது அவர் இல்லை. ஆட்டோவிலிருந்து வயதான ஒரு அம்மா இறங்கினார். கஞ்சி போட்ட காட்டன் புடவை, கைப்பை, கம்பீரம். நேராக ராக்கைப் பார்த்தார். "என் புத்தகம் எப்பவும் இங்க முன்னாடி இருக்குமே, எங்கம்மா?" ஹேமா கோதண்டராமன்தான்.

ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், கட்டிலிருந்து ஒன்றை உருவிச் சீடைப் பக்கத்தைப் பிரித்து அவர் கையில் கொடுத்தேன். நின்றபடியே உதடு அசைய வாசித்தார். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். "சலிக்கணும்னு போடலையே" என்றார். "போடலைங்கம்மா." "அழுத்தி உருட்டணும்னு வேற இருக்கு." "ஆமாங்கம்மா." என் முகத்தில் என்ன தெரிந்ததோ, "யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?" என்று கேட்டார். செல்வியைப் பற்றிச் சொன்னேன். கழுத்துக் கொப்புளம் வரைக்கும் சொன்னேன். மும்தாஜ் அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டார், அந்த அம்மா உட்கார்ந்தார். வாங்கி வைத்த டீயில் ஆடை படிகிற வரை அந்தச் சீடைப் பக்கத்தையே விரலால் தடவிக்கொண்டிருந்தார். சண்டை போட வந்தவரோடு சண்டை போட்டுவிடலாம். இப்படி உட்கார்ந்துவிட்டவரை என்ன செய்வது?

"வருஷம் பூராவுக்கும் வேணும்னு பதிப்பாளர் கேட்டாரும்மா. எனக்கு நல்லாத் தெரிஞ்சது ஒரு நாப்பது இருக்கும். மிச்சத்தை அங்க இங்க கேட்டு, பாத்து, எழுதிக் குடுத்தேன். அந்த நாப்பதும் சத்தியமா சரியா வரும். எது அந்த நாப்பதுன்னுதான் இப்ப எனக்கே தெரியல."

செல்வி வீட்டில்

செல்வியின் வீடு எங்கே என்று அந்த அம்மா கேட்டார். எனக்குத் தயக்கமாக இருந்தது. செல்விக்குப் போன் பண்ணி, இன்னார் வர வேண்டும் என்கிறார், உனக்குச் சம்மதமா என்று கேட்டேன். கணவரிடம் விஷயத்தைச் சொல்கிற சத்தம் கேட்டது. பிறகு, "வரச் சொல்லுங்கக்கா" என்றாள். அந்த அம்மா கிளம்பும்போது மாடிப்படிக்குக் கீழிருந்த கட்டைக் கையால் காட்டி, "அதை எடுத்து வெளிய வச்சுடாதம்மா. திருத்தி வேற பதிப்பு வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம். உங்க முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். பேசியும் விட்டார். எழுதியவரே வேண்டாம் என்று சொன்ன பிறகு முதலாளி என்ன சொல்ல முடியும்? என்னிடம் இரண்டு நாள் பேசாமல் இருந்தார். அதுவும் நிம்மதியாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் செல்வி கடைக்கு வந்தாள். கட்டு பிரித்தாகிவிட்டது, தோல் மட்டும் வெளுத்து, திட்டுத் திட்டாக இருந்தது. அந்த அம்மா என்ன சொன்னார் என்று நானும் மும்தாஜ் அக்காவும் ஒரே மூச்சில் கேட்டோம். கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். செல்விக்கும் அழுகை வந்துவிட்டதாம். தனக்குத் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் சொல்லி ஆர்டர் வாங்கித் தருகிறேன் என்றாராம். இரண்டு ஆர்டர் வந்தும் விட்டதாம். வீட்டுக்கு வந்தவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று, கை சுட்ட பிறகு யாரிடமோ கேட்டுக் கற்றுக்கொண்டு அன்றைக்குச் செய்திருந்த சீடையைத் தட்டில் வைத்திருக்கிறாள். இந்த இடத்தில் செல்விக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஒரு சீடையைக் கையில எடுத்தாங்க, உருட்டி உருட்டிப் பாத்தாங்க, அப்புறம் மெதுவா என்னைப் பாத்து, 'மாவைச் சலிச்சியாம்மா?'ன்னு கேட்டாங்கக்கா!"

மாமனாருக்கு ஒரு பரிசு

கடைசியில் ஒரு ராக் நிறையவில்லை. முக்கால் ராக்தான் நின்றது. ஒல்லிப் புத்தகம், ரசத்தில் தேறியவை, கணவர் முழுத் தட்டையும் காலி செய்தவை, அவ்வளவுதான். மிச்ச இடத்தில் முதலாளி தண்ணீர் பாட்டில் அடுக்கிவிட்டார். கழித்ததையெல்லாம் எடைக்குப் போட மூட்டை கட்டி வாசலில் வைத்திருந்தோம்.

அந்த நேரம் பார்த்து ஸ்கூட்டியில் ஒரு பெண் வந்து இறங்கினாள். மூட்டையில் மேலாக இருந்த ஒரு கனமான புத்தகத்தை உருவிக்கொண்டு, இது என்ன விலை என்றாள். கரண்டியைச் சிறைப்பிடித்த அசோகா அல்வா அதில்தான் இருக்கிறது. இனிமேல் பொய் சொல்வதில்லை என்று முடிவெடுத்திருந்த சமயம் அது. "அது வேணாங்க. அதுல இருக்கற எதுவும் உருப்படியா வராது. நானே செஞ்சு பாத்துட்டேன்" என்றேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.

"நிஜமாவே எதுவும் வராதா? அப்ப இதையே குடுங்க. எங்க மாமனார் ரிட்டயர் ஆனதுலேர்ந்து நான்தான் சமைப்பேன்னு கிச்சனை விட்டு நகர மாட்டேங்கறாரு. நாலு தடவை தோத்தாருன்னா தானா பேப்பர் படிக்கப் போயிடுவாருல்ல?"

ஆக, என் அனுபவத்தில் சமையல் புத்தகத்தை யாரும் சமைக்கக் கற்றுக்கொள்ள வாங்குவதில்லை, சமைத்தது சொதப்பினால் கைநீட்டிக் குற்றம் சொல்ல வீட்டுக்கு வெளியே ஓர் ஆள் வேண்டுமே என்றுதான் வாங்குகிறார்கள், அந்த ஆளுக்குத்தான் மாதாமாதம் சம்பளம் கொடுத்து முதலாளி என்னை வைத்திருக்கிறார்.